படைவீரரின் சொல்லேடு

பத்துப்பாட்டு நூல்களுள் அடியளவில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகள் கொண்ட அப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். போர்மேற் சென்ற அரசனின் பாசறையை, நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதுபோல அவர் காட்டுகிறார். பாசறையின் நடுவே அரசனுக்குத் தனி இல்லம். வலிய உடல்வாய்ந்த யவனர்கள் அங்கே இருக்கிறார்கள். அரசன் பள்ளிகொள்ளும் உள்ளறையின் அருகில் சட்டை அணிந்த மிலேச்சர்கள் காவல் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்நாட்டு மொழி தெரியாது. நாவினால் சொல்ல இயலாதவற்றை உடலசைவினால் உணர்த்துகிறார்கள் என்கிறார் புலவர்.

இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்த ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, ராத்திரியில கூடாரத்துல தீப்பிடிச்சா அவங்க ராஜாவ என்னன்னு சொல்லி எழுப்புவாங்க?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொழி அறியாதவரைக் காவல் வைத்தால் அரசனின் மறைமொழிகள் வெளியே செல்லா என்று நாம் நயம் கூறலாம். அவள் கேட்டது நயத்தை அன்று, நடைமுறையை. வேற்று நிலத்தில் நிற்கும் ஒரு படைவீரன் அந்நிலத்து மொழியில் குறைந்தது எத்தனை சொற்களை அறிந்திருக்க வேண்டும்? எந்தெந்தச் சொற்களை? அவள் பள்ளியை விட்டுச் சென்று ஆண்டுகள் பல ஆயின. கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

படைகள் இக்கேள்விக்குக் கண்ட விடை, சட்டைப்பையில் அடங்கும் சொல்லேடு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் போர்த்துறை, தன் வீரர்கள் செல்லும் நாடுகளுக்கெல்லாம் தனித்தனிக் கையேடுகளை அச்சிட்டது. 1942இல் பிரிட்டனுக்குச் செல்வோர்க்கு ஒன்று. 1943இல் ஈராக்குக்குச் செல்வோர்க்கு ஒன்று. ஈராக் கையேட்டின் இறுதியில் அரபுச் சொற்களும் தொடர்களும் ஒலிப்புடன் தரப்பட்டிருந்தன. இலக்கணம் கற்பிக்கும் தொழில் எனக்கு. ஆதலால் இத்தகைய பட்டியல் எதைக் கண்டாலும் வகைபிரித்துப் பார்க்கும் பழக்கம் விடுவதில்லை. பெயர்ச்சொற்கள்: தண்ணீர், ரொட்டி, சாலை, பாலம், மருத்துவர். எண்ணுப்பெயர்கள் பத்துவரை, பிறகு நூறு. வினாச்சொற்கள்: எங்கே, எவ்வளவு, எப்போது. வினைகளோ பெரும்பாலும் முன்னிலை ஏவல்: நில், வா, போ, காட்டு, கொடு. தன்மை வினை அரிது. படர்க்கை அரிதினும் அரிது. இறந்தகாலம் இல்லையென்றே சொல்லலாம்.

இவற்றை மட்டும் அறிந்த ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவனால் வழி கேட்க முடியும். கிடைக்கும் விடை புரியாது. தன் ஊரைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. எதிரே நிற்பவருக்கு நேற்று என்ன நேர்ந்தது என்று கேட்கவும் முடியாது. 'கையால் காட்டுங்கள்' என்பது இவ்வகை ஏடுகளில் அடிக்கடி காணப்படும் தொடர். உடலால் உரைத்த மிலேச்சர் நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை.

சில சொற்களைக் கொண்டே ஒரு மொழியை நடத்திவிடலாம் என்ற எண்ணம் அறிஞர்களுக்கும் இருந்தது. ஆக்டன் என்பவர் 1930இல் 850 சொற்களே கொண்ட 'அடிப்படை ஆங்கிலம்' ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. 1943இல் சர்ச்சில் அதனை ஆதரித்துப் பேசினார். இன்று அதைப் பேசுவார் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். நாமக்கல் மலைக்கோட்டையை 1768இல் ஆங்கிலக் கும்பினிப் படை கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே ஐதர் அலி அதை மீட்டார். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம், பாராமகால் பகுதிகள் கும்பினியின் கைக்கு நிலையாகச் சென்றன. புதிய நிலப்பகுதியை ஆள யாரை அனுப்புவது? சென்னையில் இருந்த குடிமைப்பணி அலுவலர்களுக்கு இந்நாட்டு மொழிகள் தெரியவில்லை. ஆகவே காரன்வாலிசு, மொழியறிவு வாய்ந்த படை அதிகாரிகளைத் தேர்ந்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமை ஏற்றார். அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர்தாம் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த தாமசு மன்றோ. உழவரிடம் நிலத்தீர்வையைப் பேசும் பொறுப்பு, மொழி தெரிந்த ஒரே காரணத்தால், படைவீரர் கைக்கு வந்த வரலாறு நம் மாவட்டங்களுக்கு உரியது. போர்முனையில் நாற்பது சொற்கள் போதும். வரிவிதிக்க நாற்பது சொற்கள் போதா. 1812இல் எல்லீசு முயற்சியால் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றி, அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் முறையாகப் பயிலத் தொடங்கியமைக்கும் பின்னணி இத்தேவையே.

வந்த படைகளும் வணிகரும் தம் சொற்களைத் திரும்ப எடுத்துச் செல்வதில்லை. 'சிப்பாய்' பாரசீகத்திலிருந்து வந்தது. 'துப்பாக்கி' துருக்கிச் சொல்லின் வழிவந்தது. ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்ற சொல்லோடு உறவுடையது 'பீரங்கி'. ஜன்னல், சாவி, அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியரின் கொடை. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, திசைகளிலிருந்து வரும் சொற்களுக்கு மொழியின் வாயில் திறந்தே இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டார். எதிர்த்திசையிலும் இது நிகழ்ந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் 'தேக்கோ' என்பதை எடுத்துச் சென்று, 'ஒரு பார்வை பார்' என்னும் பொருளில் 'டெக்கோ' என்று வழங்கினர். அயல்நாட்டைக் குறிக்கும் 'விலாயத்து' என்ற சொல்லின் வழியே அவர்கள் தம் தாய்நாட்டை 'பிளைட்டி' என்று அழைத்தனர். தம் நாட்டை நம் கண்ணால் பார்த்து அயல்நாடு என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

என் பெரியப்பாவிடம் ஒரு சொல்லேடு இருந்தது. அவர் திருச்செங்கோட்டுச் சாலையில் லாரிக் கிளீனராக இருந்து, வண்டி ஓட்டக் கற்று, பட்டாளத்தில் சேர்ந்தவர். 1956இல் சூயசுக் கால்வாய்ச் சிக்கலைத் தொடர்ந்து ஐக்கிய நாடுகள் அவை அமைத்த அமைதிப்படையில் இந்தியா பங்கேற்றது. 1967 வரை நம் வீரர்கள் காசாப் பகுதியிலும் சினாய்ப் பாலைநிலத்திலும் பணிபுரிந்தனர். பெரியப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே சரக்கு வண்டி ஓட்டினார். பழுப்பேறிய அட்டையுடைய சிறிய கோடுபோட்ட நோட்டு அது. பேனா மையால் மூன்று பத்திகள் பிரித்திருந்தார். முதல் பத்தியில் அரபு, இரண்டாவதில் இந்தி, மூன்றாவதில் தமிழ். எல்லாம் தமிழ் எழுத்திலேயே.

இந்தி எதற்கு என்று கேட்டேன். அரபுச் சொற்களுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தவர் இந்தியில் சொன்னாராம். பட்டாளத்தில் சேர்ந்தபோது பெரியப்பாவுக்கு இந்தியும் தெரியாது. ஆகவே ஓர் அயல்மொழியைப் படிக்கட்டாக்கி மற்றோர் அயல்மொழிக்கு ஏறியிருக்கிறார். 'மோயா - பானி - தண்ணி', 'ஷ்வய்யா ஷ்வய்யா - தீரே தீரே - மெள்ள மெள்ள', 'யல்லா - சலோ - போலாம்', 'கலாஸ் - கதம் - தீந்துபோச்சு' என்று பக்கங்கள் ஓடின. சில வரிகளில் முதலிரண்டு பத்திகளிலும் ஒரே சொல் இருந்தது. 'கிதாப் - கிதாப் - பொஸ்தகம்', 'குர்சி - குர்சி - நாக்காலி'. அரபுச் சொற்கள் பாரசீகத்தின் வழியாக இந்திக்கு வந்த கதையை அந்த நோட்டு தானறியாமலே சொல்லிக்கொண்டிருந்தது. தமிழுக்கும் அவை வந்திருக்கின்றன. ஒருமுறை கடையில் பொருள் வாங்கிவிட்டுப் பழக்கத்தில் "பாக்கி குடு" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாராம் பெரியப்பா. கடைக்காரர் மறுபேச்சின்றி மீதிச் சில்லறையை எடுத்து நீட்டினாராம். 'பாக்கி' அரபுச் சொல் என்பதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "அது நம்ம மளிகைக்கடை வார்த்தையாச்சே" என்றார்.

அரபில் நன்றிக்கு 'ஷுக்ரன்' என்பர். அவர் அதைத் தமிழில் 'சுக்ரன்' என்று எழுதி, நேரே 'நன்றி' என்று குறித்திருந்தார். ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின், மோர் கொண்டுவந்து கொடுத்த என் பாட்டியிடம் ஒருநாள் வாய்தவறிச் 'சுக்ரன்' என்றாராம். "என்னடா, சாதகம் பாக்கறயா?" என்று பாட்டி கேட்டது எங்கள் குடும்பத்தில் இன்றும் வழங்கும் கதை.

அந்நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி, மற்றவற்றைப்போல வரிசையில் இல்லாமல், தனியே, அடிக்கோடிடப்பட்டு இருந்தது: 'மா தகாபீஷ் - பயப்படாதே (பொம்பளப் புள்ளைக்கு)'. அதற்கு இந்திப் பத்தி இல்லை.

அதன் கதையை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். ஒருநாள் நண்பகலில் வண்டியின் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. இறங்கி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, தகரக் குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒரு சிறுமி எதிரே வந்தாள். வண்டியையும் சீருடையையும் கண்டு மிரண்டு கால் இடறி விழுந்தாள், தண்ணீர் கொட்டிப்போயிற்று. பெரியப்பா அருகில் சென்றார். அவள் அலறினாள். அவருக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் நாவில் வந்து நின்றன: நில், போ, எங்கே, எவ்வளவு, மெள்ள, தீர்ந்துபோயிற்று. இவற்றுள் எதைச் சொல்வது? "மோயா, மோயா" என்று மட்டும் சொல்லி, வண்டியிலிருந்த தண்ணீரை அந்தக் குவளையில் ஊற்றி நீட்டினார். அவள் குவளையை வாங்காமலே ஓடிவிட்டாள். நெடுநேரம் கழித்து வண்டி கிளம்பியபோதும் அந்தக் குவளை சாலையோரத்தில் தண்ணீரோடு அப்படியே இருந்ததாம்.

முகாமுக்குத் திரும்பியதும், சமையற்கூடத்தில் வேலைசெய்த உள்ளூர்க்காரரிடம் கையாலும் முகத்தாலும் நடித்துக்காட்டி அந்தச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டார். "நில்லுன்னு சொல்ல அஞ்சு விதமாக் கத்துக் குடுத்தாங்க கண்ணு. பயப்படாதன்னு சொல்ல ஒண்ணுகூட இல்ல" என்று அவர் சொன்னது என் காதில் இருக்கிறது.

அச்சொல்லால் பின்னர் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. வண்டியின் ஒலிப்பானுக்கு அஞ்சி ஒதுங்கிய முதியவர் ஒருவரிடம் பெரியப்பா அதே சொல்லைச் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், முதியவரும் சிரித்தார். அரபில் முன்னிலை ஏவலுக்கும் ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. பெண்ணிடம் 'தகாபீஷ்' எனவும் ஆணிடம் 'தகாப்ஷ்' எனவும் சொல்ல வேண்டும். தமிழில் 'பயப்படாதே' என்னும் எதிர்மறை ஏவல் இருபாற்கும் பொது. ஆனால் நம் மொழியில் வேறொரு வேலி உண்டு: ஒருமையா, மரியாதைப் பன்மையா என்பது. முதியவரிடம் 'பயப்படாதே' என்றால் நாமக்கல்லில் யாரும் சிரிக்க மாட்டார்கள், முகம் சுளிப்பார்கள். 'பயப்படாதீங்க' என்பதே இங்கே பேச்சு. கொங்குநாட்டில் பெயரோடும் வினையோடும் இடைச்சொல்லோடும் 'ங்க' ஒட்டிக்கொள்வதை வெளியூரார் கேலி செய்வதுண்டு. 'ஏனுங்க', 'சரிங்க', 'இல்லீங்க' என்னும் இந்த ஈரெழுத்துப் பணிவைச் சேர்க்க எந்தப் படையின் சொல்லேட்டிலும் இடம் இருந்ததாக நான் கண்டதில்லை. பட்டியல் சிறிதாகும்போது முதலில் உதிர்வது மரியாதை விகுதிதான். வியங்கோள் வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும் என்பர். படைவீரரின் ஏட்டில் விதித்தல் நிறைய உண்டு, வேண்டல் சிறிது. வாழ்த்தல் ஒரு வணக்கத்தோடு முடிந்துவிடும். வைதலை யாரும் ஏட்டில் எழுதித் தருவதில்லை. அது எழுதாமலே முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளப்படும் என்று பெரியப்பா கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொன்னார்.

உறவுச்சொல் ஒன்று பட்டியலில் நுழைந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட மதராசு பொறியாளர் படைப்பிரிவின் வீரர்களை இந்தியப் படையில் 'தம்பி'கள் என்று அழைப்பது இன்றும் மரபு. தமிழே அறியாத அதிகாரியும் அறிந்து வைத்திருக்கும் தமிழ்ச்சொல் அது. முதல் உலகப்போரில், 1914 செப்டம்பர் 26 அன்று, இந்திய வீரர்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கினர். அவர்கள் வீட்டுக்கு எழுதிய மடல்கள் தணிக்கை அலுவலர்களால் படியெடுக்கப்பட்டதால் இன்றும் கிடைக்கின்றன. தாம் தங்கியிருந்த வீட்டின் முதிய பெண்மணி தம்மைத் தாயைப்போல் பேணியதை எழுதியவர்கள் உண்டு. அந்த அம்மைக்கு இவர் மொழி தெரியாது. இவருக்கு அவர் மொழி தெரியாது. அதே பிரான்சில் ஆங்கிலச் சிப்பாய்களும் தமக்கென ஒரு பிரெஞ்சைச் சமைத்துக்கொண்டார்கள். 'இனி இல்லை' என்னும் நீண்ட பிரெஞ்சுத் தொடரை அவர்கள் 'நாப்பூ' என்று சுருக்கினர். கடையில் ரொட்டி தீர்ந்தாலும் நாப்பூ. உடன்வந்த தோழன் இறந்தாலும் நாப்பூ. சொல் குறையும்போது ரொட்டியும் உயிரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

ஒரே படைக்குள்ளேயே பல மொழியினர் இருந்தால் என்ன செய்வது? ஆத்திரிய-அங்கேரியப் பேரரசு 1918இல் சிதறும்வரை கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுவோர் அதன் படையில் இருந்தனர். கட்டளைகளுக்கென ஏறத்தாழ 80 செருமன் சொற்களை எல்லா வீரரும் கற்றனர். மற்றபடி, ஒவ்வொரு படைப்பிரிவிலும் வீரர்களின் தாய்மொழியே பயிற்சிமொழி. அம்மொழியை மூன்றாண்டுகளுக்குள் கற்றுத் தேறவேண்டியது அதிகாரியின் கடமை. மேலே இருப்பவர் கற்கட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பேரரசு நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி.

நம்மவர் வரலாற்றில் இச்சிக்கல் கூர்மையாக எழுந்த இடம் மலேயா. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வடாற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அங்கே இரப்பர்த் தோட்டங்களில் உழைத்துவந்தனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. 1943 சூலையில் நேதாசி சுபாசு சந்திரபோசு சிங்கப்பூரில் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அதுவரை ஆங்கிலத்தில் இருந்த படைக் கட்டளைகள் அங்கே இந்துசுத்தானிக்கு மாறின. எழுத்து, உரோமன் எழுத்து. இந்தியோ உருதுவோ அறியாத, பால்வெட்டும் கத்தியையன்றி வேறு கருவி பிடித்திராத இளைஞர், புதிய ஒலிகளுக்கு ஏற்பக் காலை எடுத்துவைத்தனர். நேதாசி இந்துசுத்தானியில் பேசும்போது மேடையிலேயே அது தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது. 1943 அக்டோபர் 22 அன்று சான்சிராணிப் படைக்கான பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. கேப்டன் இலட்சுமி தலைமை தாங்கினார். அப்படையில் சேர்ந்த பெண்களுள் தோட்டத்துத் தமிழ்ப்பெண்கள் மிகுதி. தோட்டத்தில் அவர்கள் அறிந்த அயற்சொற்கள் துரைக்கும் கங்காணிக்கும் உரியவை: வேலைக்கு வா, விரைந்து செய். முகாமிலும் அவர்கள் கற்றவை ஏவற்சொற்களே. நில், திரும்பு, நட. இலக்கண வாய்பாடு ஒன்றுதான். தாமே விரும்பி ஏற்ற கட்டளை என்பதால் அதன் பொருள் வேறாயிற்று. 'செய்கிந்து' என்னும் இரண்டு சொற்களைத் தமிழ் நா தன் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டுகளில், அதே தோட்டங்களின் அதே லயங்களில் குடியிருந்த வேறு பல்லாயிரம் தமிழர் இன்னொரு சொல்லேட்டைக் கற்க நேர்ந்தது. சயாம்-பர்மா இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கச் சப்பானியப் படை அவர்களைக் கொண்டுசென்றது. அப்பாதையில் உழைத்த போர்க்கைதிகள் நாள்தோறும் வரிசையில் நின்று, 'இச்சி, நி, சான்' எனச் சப்பானிய எண்களில் தங்களை எண்ணிச் சொல்ல வேண்டும். தவறினால் அடி விழும். தோட்டத் தமிழர்க்கும் தெரிந்தாக வேண்டியவை இத்தகைய சொற்களே. ஒரு மொழியில் எண்ணுப்பெயர் மட்டும் தெரிந்திருப்பதென்றால், அம்மொழி பேசுவோர்க்கு நாம் ஓர் எண் என்றுதான் பொருள். காட்டிலும் காய்ச்சலிலும் அங்கே மாண்டவர்களின் பெயர்ப்பட்டியல் முழுமையாக எங்கும் இல்லை.

இந்தக் கதைகளை வகுப்பில் சொல்லும்போது, தேசிய மாணவர் படையில் உள்ள பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தாயினே முட்' என்று பள்ளித் திடலில் அவர்கள் நாள்தோறும் கேட்பவை இந்தக் கட்டளைச் சொற்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதாமே. அச்சொற்களுக்குக் கால் பணிகிறது. பொருள் கேட்டால் பாதிப்பேர் கையை விரிப்பார்கள். மறுபக்கம், லாரி ஓட்டுநர்களின் பிள்ளைகள் வேறொரு பட்டியலை ஒப்புவிப்பார்கள். நாமக்கல்லிலிருந்து சண்டை எதுவும் இல்லாமலே ஒரு படை நாள்தோறும் வடக்கே புறப்படுகிறது. லாரியிலும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டியிலும் செல்லும் அவர்களுக்கு யாரும் கையேடு அச்சிட்டுத் தரவில்லை. 'கித்னா', 'கிதர்', 'பாயி சாப்' என்று தொடங்குகிறார்கள். அவர்களுடைய பட்டியலில் 'பாயி', அதாவது அண்ணன், முதல் வாரத்திலேயே இடம்பெற்றுவிடுகிறது. தாபாவில் சோறு வேண்டும், செக்போஸ்டில் தாமதம் கூடாது, டயர் வெடித்தால் யாராவது நிறுத்தி உதவ வேண்டும். கையில் துப்பாக்கி இல்லாதவன் உறவுச்சொல்லோடு தொடங்கியாக வேண்டியிருக்கிறது.

இப்போது கைப்பேசி மொழிபெயர்த்துவிடுமே என்று கேட்கலாம். மின்சாரமும் அலைவரிசையும் உள்ள இடத்தில் அது உதவுகிறது. அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் முன் கைப்பேசியைத் தேடி எடுத்துத் தட்டச்சு செய்வது எவ்வளவு பயன்தரும் என்று பெரியப்பாவிடம் கேட்க இன்று அவர் இல்லை.

தென் லெபனானில் உள்ள ஐக்கிய நாடுகள் அமைதிப்படையில் 1998 முதல் இந்தியப் படைப்பிரிவும் பணியாற்றுகிறது. என்னிடம் பயின்று படையில் சேர்ந்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே செல்லவிருந்தபோது வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவின் நோட்டை எடுத்துக் காட்டினேன். கைப்பேசியில் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டார். அடிக்கோடிட்ட வரியில் நின்று, அதற்கு இந்தியில் ஏன் பொருள் எழுதவில்லை என்று கேட்டார். கதையைச் சொன்னேன். ஆண்பாலுக்குரிய வடிவத்தையும் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து இரண்டு மாதம் கழித்துப் பேசினார். ஊருக்கு ஊர் பேச்சு வேறாம். பெரியப்பா 'மோயா' என்று எழுதியிருப்பதை அங்கே 'மய்' என்கிறார்களாம். 'யல்லா', 'ஷ்வய்யா', 'கலாஸ்' மூன்றும் அப்படியே செல்லுபடியாகின்றனவாம். கடையில் 'பாக்கி' என்று கேட்டுப் பார்த்தாயா என்றேன். முதல் நாளே கேட்டேன் ஐயா, சில்லறையை எண்ணிக் கொடுத்தார்கள் என்றார்.